வீலுக்கு ஏ.பி.சி. அடிக்கலாமா? மதுரை வெயிலில் ஒரு நீண்ட பதில்

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் மதுரையில் எந்த வாட்டர் சர்வீஸ் கடைக்குப் போனாலும் கூட்டம்தான். பானட்டில் மாலை காய்ந்து தொங்கும். நாலு வீலிலும் சந்தனம், குங்குமம், மஞ்சள். டயர் பள்ளத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழத் தோல். பாண்டி கோவிலில் பூஜை போட்டுவிட்டு நேராக வருகிற புது வண்டிகளுக்கு இந்த அலங்காரம் வருஷம் முழுக்க உண்டு. கடைப் பையன் ஒரு ஸ்ப்ரே பாட்டிலை எடுத்து வீலில் இரண்டு அழுத்து அழுத்துவான். மஞ்சள் அப்பியிருந்த இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செக்கச்செவேலென்று மாறும்.

குழம்புக் கறை பட்ட சட்டையில் சோப்புப் போட்டால் சிவப்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பதும் தெரியும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தன்மை பட்டால் நிறம் மாறும். அந்தப் பையன் கையில் இருக்கும் பாட்டில் காரம் என்பதற்கு வேறு பரிசோதனை தேவையில்லை, மஞ்சளே சொல்லிவிட்டது.

அந்தப் பாட்டிலைத்தான் கடைகளில் ஏ.பி.சி. என்கிறார்கள். ஆல் பர்பஸ் கிளீனர். சீட், டேஷ்போர்டு, இன்ஜின், டோர் இடுக்கு, டயர், வீல் என்று சகலத்துக்கும் இதையே அடிக்கிறார்கள். வீட்டிலேயே வண்டி கழுவுகிற நண்பர்கள் ஆன்லைனில் ஒரு லிட்டர் வாங்கி வைத்துக்கொண்டு, “வீலுக்கு அடிச்சா அலாய் போயிருமா?” என்று கேட்கிறார்கள். முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன். டயருக்கு அடிக்கலாம். பெயிண்டும் கிளியர் கோட்டும் நன்றாக இருக்கிற வீலுக்குத் தண்ணீர் நிறையக் கலந்து அடிக்கலாம். வெறும் அலுமினியம் வெளியே தெரிகிற வீலுக்கு அடிக்கவே கூடாது. எந்த வீலாக இருந்தாலும் மதுரை வெயிலில், சூடாக இருக்கும்போது அடித்துக் காயவிட்டால் கெட்ட பெயர் மருந்துக்கு வரும். உண்மையில் கெடுத்தது வெயில்.

இனி காரணங்கள்.

பாட்டிலுக்குள் என்ன

ஏ.பி.சி.யில் பொதுவாக மூன்று சங்கதிகள் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துத் தண்ணீரோடு இழுத்துப்போகும் சர்ஃபேக்டன்ட். பிசுக்கை உடைக்கும் காரம்: சோடியம் மெட்டாசிலிகேட் மாதிரியான ஒன்று, மலிவான சரக்கில் நேராகவே காஸ்டிக் சோடா. பிறகு கொஞ்சம் கரைப்பான். இவை சேர்ந்த கான்சன்ட்ரேட்டின் பி.எச். பெரும்பாலும் 10-க்கு மேல். சிலது 13 வரை போகும். பி.எச். கணக்கில் ஒரு எண் கூடினால் காரம் பத்து மடங்கு கூடும். ஆக 10 என்று எழுதிய பாட்டிலும் 12 என்று எழுதிய பாட்டிலும் அண்ணன் தம்பி இல்லை. நூறு மடங்கு வித்தியாசம்.

அலுமினியம் எங்கே மாட்டிக்கொள்கிறது என்றால், அதன் மேல் இயல்பாகவே மெல்லிய ஆக்ஸைடு படலம் ஒன்று இருக்கும். அதுதான் அதன் கவசம். பி.எச். சுமார் 4-லிருந்து 8.5 வரைக்கும் அந்தக் கவசம் தாங்கும். அதற்குக் கீழே போனாலும் கரையும், மேலே போனாலும் கரையும். அமிலம், காரம் இரண்டுக்குமே இடம் கொடுக்கிற உலோகம் அது. அலுமினியச் சட்டியைச் சோடா போட்டுத் தேய்த்தால் கறுத்துப் போகிறதல்லவா, பளபளப்பான வெறும் அலாய் மீது கெட்டி ஏ.பி.சி. பட்டாலும் அதே கதைதான்: மங்கும், வெளுக்கும், துணியில் கறுப்பாக வரும். ஒருமுறை அப்படி ஆனால் கழுவிச் சரிசெய்ய முடியாது. பாலிஷ் பிடிக்க வேண்டும்.

உங்கள் வீல் என்ன ஜாதி?

அடிப்பதற்கு முன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

சாதா ஸ்டீல் ரிம், மேலே பிளாஸ்டிக் வீல் கப். பயமே வேண்டாம். தண்ணீர் கலந்த ஏ.பி.சி. தாராளமாகத் தாங்கும். கப்பைக் கழற்றிவிட்டுக் கழுவினால் உள்ளே சேர்ந்த மண்ணும் போகும். ரிம்மில் பெயிண்ட் உரிந்த இடத்தில் துருப் பிடித்திருந்தால் அதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

பெயிண்ட் அடித்த அலாய். வெள்ளி, சாம்பல், கறுப்பு என்று ஒரே நிறமாக இருக்கும். மேலே கிளியர் கோட் இருக்கும். காரத்தைத் தொடுவது கிளியர் கோட்தான், அலுமினியம் இல்லை. நீர்த்த கலவை போதும்.

டயமண்ட் கட். இப்போது நம்ம ஊர் ரோட்டில் பாதி புது வண்டிகளில் இதுதான்: முகப்பு மினுமினுப்பாக, உள்பக்கம் கறுப்பாக. அந்த மினுமினுப்பு, கடைசல் இயந்திரத்தில் சீவிய வெறும் அலுமினியம்; அதன் மேல் கிளியர் கோட் மட்டும். பிளாட்பாரத்தில் உரசியோ, ஜல்லி தெறித்தோ அந்தக் கோட்டில் ஒரு சின்ன விரிசல் விழுந்தால் போதும், ஈரமும் காரமும் அதன் வழியே அடியில் நுழையும். கொஞ்ச நாளில் புழு ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளைக் கோடுகள் கிளம்பும். அடிபட்ட டயமண்ட் கட் வீலுக்கு ஏ.பி.சி. வேண்டாம், கார் ஷாம்புத் தண்ணீர் போதும்.

பாலிஷ் செய்த வெறும் அலாய், ஆனடைஸ் செய்தது, குரோம் பூசியது, மேட் பெயிண்ட். இவை எதற்கும் ஏ.பி.சி. வேண்டாம். வீலுக்கென்றே விற்கிற, பி.எச். நடுநிலை என்று லேபிளில் எழுதிய திரவம் இருக்கிறது. அது போதும்.

சந்தேகமாக இருந்தால் ஸ்போக்கின் பின்பக்கத்தில் ரூபாய்க் காசு அளவு இடத்தில் நீர்த்த கலவையைத் தடவி, அரை நிமிஷம் விட்டு, கழுவித் துடைத்துப் பாருங்கள். மங்கல் தெரிந்தாலோ, வெள்ளைத் துணியில் கருஞ்சாம்பல் நிறமாக வந்துகொண்டே இருந்தாலோ அந்த வீல் உங்களிடம் வேண்டாம் என்று சொல்கிறது.

அழுக்கிலும் ஊர் உண்டு

வீலில் ஒட்டுவதில் பாதி, வண்டியே தயாரிப்பது. பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கிலிருந்து இரும்புத் துகளும் பேடிலிருந்து கரித்தூளும் உதிரும். பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து சிம்மக்கல், கோரிப்பாளையம் தாண்டிப் போவதற்குள் எத்தனை தடவை பிரேக் மிதிக்கிறோம்? அதெல்லாம் முன் வீலில் இருக்கும். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கு. அதனால் முன் வீல்தான் எப்போதும் அதிகக் கறுப்பு. பின்னால் டிரம் பிரேக் உள்ள வண்டியில் தூள் டிரம்முக்குள்ளேயே அடங்கிவிடும்.

மீதிப் பாதி ஊர் கொடுப்பது. திருமங்கலம் தாண்டித் தெற்கே போனால் கரிசல். மழை நாளில் ஒரு கிலோமீட்டர் வண்டிப்பாதையில் போய் வந்தால் வீல் ஆர்ச்சுக்குள் களிமண் உருண்டையாகத் திரண்டு நிற்கும். மேலூர்ப் பக்கம் கிரானைட் கல் தூள். மற்றபடி செம்மண் புழுதி எங்கும் உண்டு. அறுவடைக் காலத்தில் தார் ரோட்டில் கொள்ளு, உளுந்துச் செடியைப் பரப்பி வைப்பார்கள், வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று. அந்தக் கொடி வீலுக்கு உள்ளே சுற்றிக்கொண்டு கிடக்கும். ஸ்ப்ரே பாட்டிலை எடுக்கும் முன் இதையெல்லாம் கையால் எடுத்து, தண்ணீரால் அடித்து விரட்ட வேண்டும். கல் தூள் இருக்கும்போது பிரஷ் போட்டால் கிளியர் கோட்டில் நீங்களே உப்புத் தாள் போட்டுத் தேய்த்த மாதிரி.

ஏ.பி.சி. எண்ணெய்ப் பிசுக்கையும் மண்ணையும் எடுக்கும். இரும்பைக் கரைக்காது. இரண்டு முறை கழுவிய பிறகும் வீலில் ஆரஞ்சு கலந்த கறுப்புப் புள்ளிகள் நின்றால், அவை பெயிண்டில் பதிந்துபோன இரும்புத் துகள்கள். பலர் தடம் மாறுவது இங்கேதான். மருந்தின் கெட்டியைக் கூட்டுவார்கள். கெட்டியைக் கூட்டினால் கிளியர் கோட் போகும், புள்ளி போகாது. அதற்கு அயர்ன் ரிமூவர் என்று தனியாக விற்கிறது. தையோகிளைகோலேட் உப்பு சேர்ந்தது. இரும்பைத் தொட்டதும் ஊதா நிறமாக வழியும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றோட்டமான இடத்தில், தனியாக, வேறு எதோடும் கலக்காமல் பயன்படுத்தணும். தார்ப் பொட்டும் ஏ.பி.சி.க்கு அசையாது, தார் ரிமூவரைத் துணியில் நனைத்து அந்த இடத்தில் மட்டும் ஒற்றி எடுக்க வேண்டும்.

வெயிலும் உப்புத் தண்ணியும்

வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுகிற முறையை அப்படியே இங்கே செய்தால் ஏன் கறை விழுகிறது என்று கேட்பார்கள். அங்கே மேகமூட்டத்தில், ஷெட்டுக்குள் நின்று, “இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள்” என்கிறார்கள். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில், வெயிலில் நிறுத்திய வண்டியின் கறுப்பு வீலில் இரண்டு நிமிடத்தில் மருந்து காய்ந்தே போய்விடும். காயக் காயத் தண்ணீர் ஆவியாகி, காரம் மட்டும் கெட்டியாகிக்கொண்டே போகும். 1-க்கு 10 என்று நீங்கள் பார்த்துப் பார்த்துக் கலந்தது, வீலின் மேல் தானாகவே 1-க்கு 3 ஆகிவிடுகிறது. திட்டுத் திட்டாக வெள்ளைக் கறை விழுவது இப்படித்தான்.

இன்னொன்று சூடு. கப்பலூர் டோல்கேட்டிலிருந்து ஒரே மிதியில் வந்து நின்ற வண்டியின் பிரேக் டிஸ்க் கொதித்துக்கொண்டிருக்கும். அதன் மேல் திடீரென்று குளிர்ந்த தண்ணீரைப் பாய்ச்சுவது டிஸ்க்குக்கு நல்லதில்லை, கோணிப்போக வாய்ப்புண்டு. வண்டியை நிழலில் போட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

அப்புறம் தண்ணீர். புறநகர்ப் பகுதிகளில் போர் போட்டால் பெரும்பாலும் உப்புத் தண்ணிதான். கடினத் தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியம் நுரையைக் குறைக்கும். நுரை வரவில்லையே என்று கூடக் கொஞ்சம் மருந்து ஊற்றத் தோன்றும், ஊற்றாதீர்கள். நுரை சுத்தத்தின் அளவுகோல் இல்லை. கழுவி முடித்து அப்படியே காயவிட்டால் வட்ட வட்டமாக வெள்ளைப் பொட்டு விழும். அது மருந்துக் கறை இல்லை, சுண்ணாம்புச் சத்து. கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணி ஊற்றி, துணியால் துடைத்துவிட்டால் தீர்ந்தது.

ஆக மதுரைக்கு நேரம்: காலையில் வெயில் ஏறும் முன், அல்லது பொழுது சாய்ந்த பிறகு.

கலக்கும் கணக்கு

லேபிளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் முதல் சட்டம். எழுதாத பட்சத்தில், காஸ்டிக் இல்லாத நடுத்தர ஏ.பி.சி.க்கு நான் பின்பற்றும் அளவு இது.

டயருக்கு 1 பங்கு மருந்து, 4 பங்கு தண்ணீர். அரை லிட்டர் பாட்டிலில் 100 மில்லி மருந்து, 400 மில்லி தண்ணீர்.

பெயிண்ட் அலாய், ஸ்டீல் ரிம்முக்கு 1-க்கு 10. அரை லிட்டர் பாட்டிலில் சுமார் 45 மில்லி. அழுக்கு குறைவாக இருந்தால் இதையும் பாதியாக்கலாம்.

முதலில் தண்ணீர், பிறகு மருந்து. மாற்றி ஊற்றினால் பாட்டில் முழுக்க நுரைதான் இருக்கும். இரண்டு பாட்டிலிலும் மார்க்கர் பேனாவால் பெயரும் அளவும் எழுதி ஒட்டுங்கள். குடிதண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். வீட்டில் பிள்ளைகள் இருக்கும்.

ரிங் ரோட்டில் ஒரு கடையில் நடந்த பேச்சு இது.

“தம்பி, இதுல எத்தன மடங்கு தண்ணி கலந்திருக்க?”

“கணக்கெல்லாம் இல்லண்ணே. ஓனர் கேன்ல ஊத்திக் குடுப்பாரு. நொர வந்தாச் சரி.”

“கைல கிளவுஸ் போடலையா?”

“வழுக்குதுண்ணே, பிரஷ் நிக்காது.”

கிளவுஸ் போடாத கையும் வழுவழுவென்றுதான் இருக்கும். அது காரம் நம் தோலின் எண்ணெயைச் சோப்பாக்குகிற வழுவழுப்பு.

கழுவும் வரிசை

ஒரு நேரத்தில் ஒரு வீல். நாலுக்கும் அடித்துவிட்டுத் திரும்பி வந்தால் முதல் வீல் காய்ந்திருக்கும்.

முதலில் தண்ணீர், நிறைய. பிரஷர் கன் இருந்தால் ஒரு அடி தள்ளியே பிடியுங்கள். டயரின் பக்கச் சுவரில் மிக அருகே வைத்து அடித்தால் ரப்பருக்குள் காயம் விழலாம், அது வெளியே தெரியாது.

அடுத்தது டயர். வீலைச் சுத்தம் செய்துவிட்டு டயரைத் தேய்த்தால் டயர் அழுக்கு மறுபடி வீலில் தெறிக்கும். கெட்டி நைலான் பிரஷில் மருந்தை அடித்துச் சுற்றித் தேய்த்தால் பழுப்பு நுரை வரும். கழுவிவிட்டு இன்னொரு முறை. நுரை ஏறக்குறைய வெள்ளையாக வந்தால் போதும்.

பிறகு வீல். நீர்த்த கலவையைக் கீழிருந்து மேலாக அடித்து, மிருதுவான பிரஷால் முகப்பு, ஸ்போக் இடுக்கு, நட் குழி எல்லாம் தேய்த்து, ஒரு நிமிஷத்துக்குள் கழுவ ஆரம்பித்துவிட வேண்டும். பிரேக் காலிப்பரைக் குறிவைத்து மருந்து அடிக்க வேண்டியதில்லை. தேய்த்த நேரத்தைவிட அலசும் நேரம் கூட இருக்கணும். ஸ்போக்கின் பின்னால் தங்குகிற மருந்துதான் மறுநாள் வெள்ளைக் கோடாக வழியும்.

துடைக்கத் தனித் துணி. வீல் துடைத்த துணியில் இரும்புத் துகள் இருக்கும். அதையே கதவில் போட்டால் கீறல் நிச்சயம்.

கடைசியாக வண்டியை எடுத்துத் தெருவில் மெதுவாக ஒரு சுற்று, லேசாகப் பிரேக் மிதித்தபடி. ஈரம் காயும். மறுநாள் காலை டிஸ்க்கில் ஆரஞ்சு நிறத் துரு தெரிந்தால் பதறாதீர்கள். இரண்டு பிரேக்கில் போய்விடும்.

டயரின் பழுப்பு அழுக்கு மட்டுமல்ல

மதுரைக்காரர்களுக்குப் பழக்கமான பொருள் டயர். மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா ஆலை இருக்கிறது. நாட்டில் ஓடுகிற எத்தனையோ டூவீலர்களின் டயர் அங்கே உருவாவது. ரப்பரை ஓசோன் தாக்கிப் பிளக்காமல் இருக்க, தயாரிக்கும்போதே 6பிபிடி போன்ற பாதுகாப்பு ரசாயனங்களும் மெழுகும் கலப்பார்கள். அவை மெல்ல மெல்ல மேலே கசிந்து வந்து, ஓசோனைத் தாமே வாங்கிக்கொண்டு பழுப்பாகும்.

டயரில் தெரியும் பழுப்பில் ஒரு பங்கு இந்தப் பாதுகாப்புதான். அதனால் வாரா வாரம் கெட்டி மருந்து போட்டுச் சுரண்டுவது டயருக்குச் சேவை இல்லை. மாசம் ஒருமுறை போதும், இடையில் ஷாம்புத் தண்ணீர். தேய்க்கும்போதே வேறு வேலையும் பாருங்கள்: ஆணி குத்தியிருக்கிறதா, பக்கச் சுவரில் வீக்கமா, வெடிப்பா? பட்டன் 1.6 மில்லிமீட்டர் அடையாளத்தைத் தொட்டுவிட்டதா? பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். டயரின் வயசு அது.

டயர் பாலிஷ் போடுவதானால் டயர் நன்றாகக் காய்ந்த பிறகு, தண்ணீர் அடிப்படையிலான சரக்கு, பக்கச் சுவரில் மட்டும். ரோட்டைத் தொடும் பட்டனில் ஒரு சொட்டும் படக்கூடாது. டூவீலர் டயருக்குப் பாலிஷே வேண்டாம். வளைவில் சாயும்போது ஓரமும் ரோட்டைத் தொடும். வழுக்கினால் ஆள் விழுவார்.

அந்த 6பிபிடி காற்றில் மாறி உண்டாகும் பொருள் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்வதை வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் கண்டுபிடித்தார்கள். நம்ம ஊரில் கோஹோ சால்மன் இல்லை. ஆனாலும் டயர் அலசிய தண்ணீர் கண்மாய்க்குப் போக வேண்டியதில்லை. கண்மாய்க் கரையில் வண்டியை இறக்கிக் கழுவும் பழக்கத்தை இந்த மருந்துகளோடு சேர்த்துத் தொடரக் கூடாது.

தொடக் கூடாதவை

பாத்ரூம் ஆசிட். உப்புத் தண்ணிக் கறை போக வேண்டுமென்று சில கடைகளில் வீலுக்கு இதை அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஹைட்ரோகுளோரிக் அமிலம் அலுமினியத்தையும் தின்னும், நட்டையும் பிரேக் பாகங்களையும் துருப்பிடிக்க வைக்கும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு, உயிருக்கே ஆபத்து.

டீசல், மண்ணெண்ணெய். டயர் கறுகறுவென்று தெரியும், ஒரு நாளைக்கு. பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதவைத்து அதன் மெழுகைக் கரைத்துவிடும்.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. சுண்ணாம்பு கண்ணில் பட்ட குழந்தைகளின் கதை நம் கிராமங்களில் நிறைய உண்டு. காரம் அமிலத்தைவிட மோசம். கண்ணுக்குள் ஆழமாக இறங்கிக்கொண்டே போகும். கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். பட்டுவிட்டால் தேய்க்காமல், சுத்தமான தண்ணீரை உடனே, குறைந்தது 15 நிமிஷம் விடாமல் ஊற்றிக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊர் இது. ஆனால் அங்கே போய்ச் சேரும் முன் கண்ணைக் காப்பாற்றுவது நீங்கள் ஊற்றும் தண்ணீர்தான்.

வாட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறவர்களுக்கு: பாட்டிலில் அளவு எழுதி ஒட்டுங்கள், பையன்களுக்குப் பிடிமானமுள்ள கிளவுஸும் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள். வண்டி கொண்டுபோகிறவர்களுக்கு: வீலில் அடிக்கப்போவது என்ன, எத்தனை மடங்கு கலந்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், “வீலுக்கு ஷாம்புத் தண்ணி மட்டும் போதும் தம்பி” என்று சொல்லிவிடுங்கள். கொஞ்சம் அழுக்கோடு வீடு திரும்பினால் அடுத்த வாரம் கழுவிக்கொள்ளலாம். அரித்துப்போன அலாயை எந்த மருந்து போட்டும் கழுவ முடியாது.